குழப்படிப் பிள்ளையின் குணநலன்கள்

நாற்பது பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் தன் இடத்தில் இருக்க மாட்டாத பிள்ளை ஒன்றேனும் இருக்கும். ஆசிரியர் கரும்பலகையின் பக்கம் திரும்பியதும் அப்பிள்ளை எழுந்து யன்னலண்டை போய் நிற்கும். கேள்வியைக் கேட்டு முடியுமுன் விடை கூறும். பென்சிலைத் தொலைக்கும், கொப்பியை வீட்டில் விட்டு வரும், கணக்கில் பாதியைச் செய்து மீதியை மறக்கும். வீட்டிலும் இதே கதைதான். கடைக்கு அனுப்பினால் வழியிற் கண்ட நாய்க்குட்டியோடு விளையாடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். 'குழப்படி' என்பர் அயலார். 'சொல்வழி கேளாதது' என்பாள் பாட்டி. 'கவனம் போதாது' என்று தேர்ச்சி அறிக்கையில் ஆசிரியர் எழுதுவார். இவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பத்து வயதாகுமுன்னரே அப்பிள்ளையும் தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறது: 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்.'

இத்தீர்ப்பு எவ்வளவு பிழையானது என்பதை வாசகர்களுக்கு, சிறப்பாகப் பிள்ளைகளைப் பெற்று வளர்ப்போருக்கு, எடுத்துக் கூற விரும்புகின்றோம். அமைதியின்றித் திரியும் இப்பிள்ளைகளிடம் குறைகள் உள. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆயின் அக்குறைகள் எந்த ஊற்றிலிருந்து பிறக்கின்றனவோ, அதே ஊற்றிலிருந்துதான் அவர்களுடைய நிறைகள் சிலவும் பிறக்கின்றன. ஏற்ற இடமும் துணையும் வாய்த்தால் நிறைகள் மேலோங்கும். வாய்க்காவிடில் குறைகளே கண்ணிற் படும். அவ்விடத்தையும் துணையையும் தேடிக் கொடுக்க வல்லவர்கள் பெரும்பாலும் வீட்டிலுள்ளோரே.

பெயரும் பொருளும்

மருத்துவ உலகம் இந்நிலைக்கு இட்டிருக்கும் பெயர் 'அவதானக் குறைவு மிகையியக்கக் கோளாறு' என்பதாகும். ஆங்கில முதலெழுத்துக்களைக் கொண்டு ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக வழங்குவர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 5 பேரிடம் இது காணப்படுகின்றது என மதிப்பிட்டுள்ளனர். பரம்பரையாக வருவதில் இதற்குப் பெரும் பங்குண்டு. ஆதலால், பிள்ளையைப் பார்த்து வைத்தியர் கூறுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தந்தைக்கோ தாய்க்கோ, 'இஃது என்னுடைய கதையல்லவா!' என்று திடுக்கிட நேர்வதும் உண்டு.

துடுக்கான பிள்ளை யாவும் இவ்வகையைச் சேர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. கவனச் சிதறலோ, அமைதியின்மையோ, முன்பின் எண்ணாது செயற்படுதலோ 12 வயதுக்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடித்திருத்தல் வேண்டும். வீட்டில் மட்டுமோ பாடசாலையில் மட்டுமோ என்றில்லாமல் இரண்டு இடங்களிலேனும் வாழ்வுக்கு இடையூறாக இருத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னரே வைத்தியர்கள் முடிவு கூறுவர். ஓடியாடித் திரியாத பிள்ளைகளிடமும் இந்நிலை இருக்கலாம். வாங்கில் அமைதியாக அமர்ந்து, கண்கள் புத்தகத்திலும் மனம் வேறெங்கோவுமாக இருக்கும் பெண்பிள்ளைகள் பலரை நெடுங்காலமாக எவரும் கவனித்ததில்லை. அவர்கள் குழப்படி செய்வதில்லை. ஆதலால் அவர்களுடைய இடர்ப்பாடு எவருக்கும் தெரிவதுமில்லை.

குறையை மட்டும் எண்ணிய காலம்

இது நவநாகரிகம் கொண்டுவந்த புதுமை என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஸ்கொத்லாந்து நாட்டவரான அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்னும் வைத்தியர் 1798ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், எதிலும் மனத்தை நிலைநிறுத்த மாட்டாதவர்களைப் பற்றி எழுதியுள்ளார். சிலரிடம் இது பிறவியிலேயே அமைந்துள்ளது என்றும், கல்வி கற்கும் பருவத்தில் இடையூறு செய்கிறது என்றும் அவர் அன்றே கண்டிருந்தார்.

ஜேர்மனியில் பிராங்பேட் நகரத்து வைத்தியரான ஹைன்றிக் ஹொப்மன் 1844ஆம் ஆண்டு நத்தாருக்குத் தம் மூன்று வயது மகனுக்குப் பரிசளிக்க நல்ல படப்புத்தகம் ஒன்றைத் தேடினார். மனத்துக்குப் பிடித்தது கிடைக்காமையால் தாமே படம் வரைந்து பாட்டுக் கட்டி ஒரு நூல் செய்தார். அடுத்த ஆண்டு அச்சேறிய அந்நூலில், பின் வந்த பதிப்புக்களின்போது புதிய கதைகள் சேர்ந்தன. சாப்பாட்டு வேளையில் கதிரையை முன்னும் பின்னும் ஆட்டி, ஈற்றில் மேசை விரிப்பையும் உணவையும் தன்மேல் இழுத்துக்கொண்டு விழும் பிலிப் என்ற சிறுவனும், ஆகாயத்தைப் பார்த்தபடியே நடந்து நீரில் விழும் ஹான்ஸ் என்ற சிறுவனும் அவ்வாறு வந்தவர்களே. இன்றைய தாய்மார் அவ்விருவரையும் உடனே இனங்கண்டுகொள்வர்.

1902ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற குழந்தை வைத்தியர் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இத்தகைய பிள்ளைகளை விவரித்தபோது, ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறைபாடு என்று பேசினார். 1980இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் கைந்நூல் அவதானக் குறைவு என்று பெயரிட்டது. இன்று வழங்கும் நீண்ட பெயர் 1987இல் வந்தது. பெயர்கள் மாறினவேயன்றி, அவை யாவும் அப்பிள்ளையிடம் இல்லாததையே சுட்டி நின்றன. நோயைக் கண்டறிவது வைத்தியரின் தொழிலாதலால் அதில் வியப்பில்லை. ஆயினும் 'இப்பிள்ளையிடம் உள்ளது யாது?' என்ற கேள்வியை அறிஞர்கள் ஆய்வாகக் கேட்கத் தொடங்கியது அண்மைக் காலத்திலேதான்.

கட்டளைக்குப் பணியாத கவனம்

'கவனக் குறைவு' என்ற சொல்லே சற்று வழிதவறச் செய்வது. பாடப் புத்தகத்தின் முன் ஐந்து நிமிடம் இருக்க மாட்டாத பிள்ளை, பழுதாகிய வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பார்க்கும்போது உணவையும் உறக்கத்தையும் மறந்து மூன்று மணி நேரம் இருப்பதைக் கண்டு பெற்றார் மனம் புழுங்குவர். 'வேண்டுமென்றால் முடிகிறதே, இது வெறும் பிடிவாதம்' என்று முடிவு கட்டுவர். உண்மை வேறு. இப்பிள்ளையிடம் கவனம் இருக்கிறது. அது கட்டளைக்குப் பணிவதில்லை. ஆர்வமோ, புதுமையோ, போட்டியோ, அவசரமோ அழைத்தால் அது பாய்ந்து செல்லும். 'பின்னால் பயன் தரும்' என்று சொல்லி அழைத்தால் அசையாது.

மூளையில் ஊக்கத்தையும் பயன்பற்றிய எதிர்பார்ப்பையும் நடத்துகின்ற டொபமீன் என்னும் பொருளின் இயக்கம் இவர்களிடம் வேறுபட்டிருப்பது இதற்கு ஒரு காரணம் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். மற்றொரு செய்தியும் பெற்றாருக்கு ஆறுதல் தருவது. அமெரிக்க ஆய்வாளர் பிலிப் ஷோவும் உடனாய்வோரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் மேற்பட்டை தன் முழுத் தடிப்பை அடையும் வயதை அளந்தனர். ஏனைய பிள்ளைகளில் அது நடுவளவாக ஏழரை வயதில் நிகழ, இப்பிள்ளைகளில் பத்தரை வயதில் நிகழ்ந்தது. வளர்ச்சியின் ஒழுங்கு ஒன்றே. காலம் மட்டும் மூன்று ஆண்டு பிந்தியது. பத்து வயதுப் பிள்ளையிடம் பத்து வயதுக்குரிய அடக்கத்தை எதிர்பார்த்து ஏமாறும் தாய், இதனை அறிந்தால் தன் கோபத்தைச் சற்றே தணித்துக்கொள்வாள்.

ஆழ்ந்துபோகும் ஆற்றல்

இவர்களின் நிறைகளுள் முதலில் கூறத்தக்கது, பிடித்த ஒன்றில் தம்மை மறந்து ஆழ்ந்துபோகும் இயல்பு. இதற்கு அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சான்று அரிது. 1985இல் பிறந்து பால்ட்டிமோர் பகுதியில் வளர்ந்த இவருக்கு ஒன்பது வயதில் இந்நிலை இருப்பதாக வைத்தியர் கண்டறிந்தார். அதற்கு முன்னரே, இவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, வாய்மூடி இருக்க முடியவில்லை என்ற முறைப்பாடுகள் தாயின் காதுக்கு வந்த வண்ணம் இருந்தன. உங்கள் மகனால் ஒருபோதும் எதிலும் மனத்தைச் செலுத்த முடியாது என்று ஓர் ஆசிரியை கூறியதையும் அத்தாய் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

அவருடைய தாய் டெபி பெல்ப்ஸும் ஓர் ஆசிரியையே. அவர் செய்தவை எவ்வீட்டிலும் செய்யக் கூடியவை. வாசிப்பை வெறுத்த மகனுக்குப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைக் கொடுத்தார். கணக்கை வெறுத்தபோது, விநாடிக்கு மூன்று மீற்றர் நீந்துபவன் 500 மீற்றர் நீந்த எவ்வளவு நேரம் ஆகும் என்பது போன்ற கணக்குகளைக் கொடுக்குமாறு கற்பிப்பவரிடம் கூறினார். பத்து வயதில் ஒரு போட்டியில் இரண்டாவதாக வந்த மகன் சினங்கொண்டு நீச்சற் கண்ணாடியைக் கழற்றி எறிந்தான். அதன் பின் தாயும் மகனும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர்: பார்வையாளர் பகுதியிலிருந்து தாய் கைவிரல்களை வளைத்து ஓர் அடையாளம் காட்டினால், 'உன்னை நீ அடக்கிக்கொள்' என்பது பொருள். ஊரறியத் திட்டுவதற்குப் பதிலாக இருவர் மட்டும் அறிந்த சைகை!

தண்ணீரில் முகம் படுவதையே விரும்பாது முதலில் மல்லாந்து நீந்தக் கற்ற அப்பிள்ளை, தன் சில நிமிட நீச்சலுக்காக நீச்சற் போட்டிகளில் மணிக்கணக்காகக் காத்திருக்கப் பழகினான். பதினோராம் வயதில் பொப் போமன் என்னும் கண்டிப்பான பயிற்றுநர் வாய்த்தார். 2000ஆம் ஆண்டில் பதினைந்து வயதிலேயே சிட்னி ஒலிம்பிக் போட்டியில் நீந்தினார். 2008இல் பெய்ஜிங் நகரில் 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலின்போது கண்ணாடிக்குள் நீர் புகுந்து அவருக்குச் சுவர் தெரியவில்லை. கைவீச்சுக்களை எண்ணிக்கொண்டே நீந்தி, 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். எதிலும் மனத்தைச் செலுத்த மாட்டான் என்று கூறப்பட்டவன், கண் தெரியாத நிலையில் கைவீச்சை எண்ணும் அளவுக்கு மனத்தைச் செலுத்தினான் அன்றோ! 2016இல் ஓய்வு பெறும்போது, 23 தங்கம் உட்பட 28 ஒலிம்பிக் பதக்கங்கள் அவரிடம் இருந்தன. அத்தனை பதக்கம் வென்றவர் அவருக்கு முன் எவருமில்லை.

தடம் விலகிச் செல்லும் கற்பனை

அங்குமிங்கும் அலையும் மனம், பிறர் போகாத இடத்துக்கும் போகின்றது. ஹொலி வைற், பிரிதி ஷா என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் இதனைச் சோதித்து எழுதினர். ஒரு சாதாரணப் பொருளுக்கு எத்தனை புதுப் பயன்கள் கூறலாம் என்று கேட்டபோது, இந்நிலையுடைய வளர்ந்தோர் ஏனையோரை விஞ்சினர். ஆயின் மூன்று சொற்களைக் கொடுத்து அவற்றை இணைக்கும் ஒரேயொரு சொல்லைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது பின்தங்கினர். விரிந்து செல்வதில் வல்லமை, குவிந்து முடிப்பதில் இடர்ப்பாடு: ஒரே மனத்தின் இரு பக்கங்கள் இவை. வைற் பின்னர் நடத்திய மற்றோர் ஆய்வில், வேற்றுலகப் பழம் ஒன்றைக் கற்பனை செய்து வரையச் சொன்னார். இவர்கள் வரைந்தவை, நமக்குத் தெரிந்த பழங்களின் சாயலிலிருந்து கூடுதலாக விலகி நின்றன.

இதனை மிகைப்படுத்தலும் ஆகாது. 2020இல் மார்டீன் ஹோக்மனும் பிறரும் இத்துறையில் வெளிவந்த 31 ஆய்வுகளை ஒருங்கு நோக்கினர். இத்தன்மைகள் ஓரளவுக்கு மிகுந்திருப்போரிடம் கற்பனை வளம் மிகுந்து காணப்பட்டது. நோய் என்று கூறுமளவுக்கு மிகுந்தோரிடம் அத்தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. காற்று அளவோடு வீசினால் பாய் விரித்த தோணி ஓடும். புயலாக வீசினால் கவிழும். ஆகவே பிள்ளை அமைதியற்றிருக்கிறது என்பதற்காக அதனை மேதை என்று முடிசூட்டவும் வேண்டாம். மூடன் என்று ஒதுக்கவும் வேண்டாம்.

இவ்விடத்தில் ஆங்கில நடனக் கலைஞர் ஜில்லியன் லின் அம்மையார் தம்மைப் பற்றிக் கூறிய நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது. 1926இல் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோது எந்நேரமும் நெளிந்துகொண்டும் துள்ளிக்கொண்டும் இருந்தமையால் தாய் அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். வைத்தியர் யாவற்றையும் கேட்டார். பின், அறையிலிருந்த வானொலியை இசைக்க விட்டுவிட்டுத் தாயோடு வெளியே போய் மறைவில் நின்று கவனித்தார். சிறுமி எழுந்து ஆடத் தொடங்கிவிட்டாள். இவளுக்கு நோயில்லை, நடனப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றார் வைத்தியர். அச்சிறுமிதான் பிற்காலத்தில் 1981இல் 'கற்ஸ்', 1986இல் 'த பான்ரம் ஒவ் த ஒப்பெரா' ஆகிய புகழ்பெற்ற மேடை நாடகங்களுக்கு நடனம் அமைத்தவர். 2018இல் அவர் மறையுமுன்னரே இலண்டனில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய சிறு வயதில் ஏ.டி.எச்.டி. என்ற பெயரே இல்லை. இன்று நாம் அவருக்கு அதனைச் சூட்டுவதும் முறையன்று. ஆயினும் குழந்தையின் அமைதியின்மையைக் கண்ட அவ்வைத்தியர், அது எங்கே போக விரும்புகிறது என்று பார்த்தாரே, அது நாம் யாவரும் கற்கத்தக்க பாடம்.

புதியதைத் தேடும் துணிவு

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் குணம் எப்போதும் தீதுதானா? 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 457 பேர் ஒரு கணினி விளையாட்டை ஆடினர். குறித்த நேரத்துக்குள் செடிகளிலிருந்து இயன்ற அளவு பழம் பறித்தல் வேண்டும். ஒரே செடியில் நின்றால் பழம் குறைந்துகொண்டே போகும். வேறு செடிக்குப் போவதென்றால் நேரம் செலவாகும். ஏ.டி.எச்.டி. தன்மைகள் மிகுந்திருந்தோர் ஒரு செடியை விட்டு விரைவில் நீங்கினர். ஈற்றில் கூடுதலான பழங்களையும் சேர்த்தனர். ஏனையோர் வற்றிய செடியைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றனர்.

கென்யா நாட்டின் வடபகுதியில் அரியால் என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் மந்தைகளோடு இடம்பெயர்ந்து திரிவோர். மற்றொரு பகுதியினர் ஓரிடத்தில் குடியேறியோர். டொபமீன் இயக்கத்தோடு தொடர்புடையதும், ஏ.டி.எச்.டி. உடையோரிடம் சற்று மிகுதியாகக் காணப்படுவதுமான ஒரு மரபணு வகையை இவ்விரு பகுதியினரிடமும் ஆராய்ந்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. திரிந்து வாழும் ஆண்களுள் அம்மரபணு வகையை உடையோர் நல்ல உடற்போசணையோடு இருந்தனர். குடியேறி வாழ்வோருள் அதே வகையை உடையோர் மெலிந்திருந்தனர். ஒரு சிறு சமூகத்தில் செய்த ஆய்வை உலகுக்கெல்லாம் பொதுவாக்க இயலாது. எனினும், ஒரே இயல்பு ஓரிடத்தில் வரமாகவும் மற்றோரிடத்தில் சுமையாகவும் அமையலாம் என்பதற்கு இஃது அழகான எடுத்துக்காட்டு.

தொழிற்றுறையில் டேவிட் நீல்மன் என்பவரைக் காட்டலாம். தமக்கு இந்நிலை உண்டென்றும், அதனை விட்டுவிட விரும்பவில்லை என்றும் வெளிப்படையாகக் கூறியவர் இவர். பிரயாணச் சீட்டைக் கடதாசியிலன்றிக் கணினியில் வழங்கும் முறையை ஆரம்ப காலத்திலேயே கையாண்டோருள் ஒருவர். ஜெற்புளூ என்னும் விமானக் கம்பனியை இவர் நிறுவ, அது 2000ஆம் ஆண்டில் பறக்கத் தொடங்கியது. 2007 பெப்ரவரியில் பனிப் புயல் வீசியபோது அக்கம்பனியின் விமானச் சேவைகள் பெரிதும் நிலைகுலைந்தன; அவ்வாண்டே தலைமை நிர்வாகப் பதவியும் இவர் கையை விட்டுப் போயிற்று. வேறொருவராயின் துவண்டிருப்பார். இவரோ தாம் பிறந்த பிரேசில் நாட்டில் அசூல் என்னும் விமானக் கம்பனியைத் தொடங்கி 2008இலேயே பறக்க விட்டார். 2021இல் அமெரிக்காவில் மீண்டும் ஒன்றைத் தொடங்கினார்.

விழுந்தாலும் எழும் வலிமை

சிறு வயது தொட்டுத் தோல்வியையும் கண்டனத்தையும் பழகியோரிடம், மீண்டும் எழுந்து நடக்கும் வலிமையும் சில வேளை உருவாகின்றது. இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர் மூவர், இந்நிலையோடு வாழ்ந்து தம் துறைகளில் வெற்றி கண்ட ஆறு ஆடவரை நெடுநேரம் உரையாடச் செய்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஓயாது இயங்கும் சிந்தனை, துணிவு, உடல் மன ஊக்கம், பிறர்பால் இரக்கம், மீண்டெழும் ஆற்றல் ஆகியவற்றை அவர்கள் தம் இயல்பின் பகுதிகளாகக் கூறினர். ஆறு பேரின் கூற்று எல்லோருக்கும் அளவுகோலாகாது. ஆயினும் 'உன்னிடம் நல்லது யாது?' என்று கேட்டவுடன் இவ்வளவும் வெளிவந்தமை சிந்திக்கத்தக்கது.

அமெரிக்க உடற்பயிற்சி வீராங்கனை சிமோன் பைல்ஸ் தம் ஆறு வயதில் ஒரு சுற்றுலாவின்போது முதன்முறையாகப் பயிற்சிக் கூடத்தைக் கண்டு, அங்கிருந்தோர் செய்வதைப் பார்த்துப் பாய்ந்து புரண்டவர். 2016இல் றியோ நகரில் நான்கு தங்கம் வென்ற சில வாரங்களில், கணினித் திருடர்கள் அவருடைய மருத்துவக் குறிப்பைத் திருடி உலகறிய வெளியிட்டனர். பத்தொன்பது வயதுப் பெண் அவர். தமக்கு ஏ.டி.எச்.டி. உண்டு என்றும், சிறு வயது முதல் உரிய அனுமதியோடு மருந்து எடுப்பதாகவும், இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்றும் அவர் நேராகக் கூறிவிட்டார். 2021இல் ரோக்கியோவில் மனநலம் கருதிப் பல போட்டிகளிலிருந்து விலகியபோது பலர் இகழ்ந்தனர். 2024இல் பாரிஸ் நகரில் மீண்டும் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார்.

மறுபக்கத்தையும் மறவாமை

இவற்றை வாசித்துவிட்டு, 'எங்கள் பிள்ளைக்கு வைத்தியம் வேண்டாம். இஃது ஆண்டவன் கொடுத்த கொடை' என்று எவரும் இருந்துவிடலாகாது. இந்நிலையுடையோர் படிப்பை இடைநிறுத்துவதும், விபத்துக்களில் அகப்படுவதும், மனச் சோர்வுக்கு ஆளாவதும் ஏனையோரிலும் மிகுதி. பெல்ப்ஸ் கூடத் தம்மை வாட்டிய மனச் சோர்வைப் பற்றிப் பின்னர் பகிரங்கமாகப் பேசினார். பைல்ஸ் மருந்தின் துணையோடு வென்றவர். பெல்ப்ஸ் சில ஆண்டு மருந்து எடுத்துப் பின் வைத்தியரைக் கலந்தே விட்டவர். மருந்தும் பயிற்சியும் பலருக்குப் பெருந்துணை புரிந்துள்ளன. எது யாருக்கு வேண்டும் என்பதைப் பிள்ளை மனநல வைத்தியரே கூறவேண்டும். மேலும், ஒலிம்பிக் பதக்கம் பெறாத பிள்ளையும் பிள்ளைதான். நாம் தேடவேண்டியது தங்கத்தையன்று. அப்பிள்ளை தன்னை மதித்து வாழக்கூடிய ஒரு வாழ்வை.

வீட்டிலே செய்யத்தக்கவை

'அடியாத மாடு படியாது' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இப்பிள்ளைகளிடம் அப்பழமொழி பலிப்பதில்லை. அடித்தால் அந்நேரம் அஞ்சும், மறுநாள் மறக்கும், அடிபட்ட வலியை மட்டும் மறவாது. இதற்குப் பதிலாகச் சில எளிய வழிகளைக் கைக்கொள்ளலாம்.

ஒரு வேளையில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். தூர நின்று கூவாமல் அருகிற் சென்று, முகம் பார்த்துச் சொல்லுங்கள். நீண்ட பாடத்தைச் சிறு துண்டுகளாக்கி, இடையிடையே எழுந்து நடக்க விடுங்கள். புத்தகப் பை, செருப்பு, திறப்பு ஆகியவற்றுக்கு நிலையான இடம் வையுங்கள். நினைவாற்றல் செய்யாத வேலையை ஒழுங்கு செய்யும். நல்லதொன்றைச் செய்யக் கண்டால் அந்த நிமிடமே சொல்லிப் பாராட்டுங்கள். மாத முடிவில் தரும் பரிசு இவர்களுக்கு வெகு தூரம். உறக்கத்தையும் ஓடியாடும் நேரத்தையும் குறைக்காதீர்கள். படிக்கவில்லை என்பதற்காக, பிள்ளைக்குப் பிடித்த பந்தையோ சித்திரத்தையோ சங்கீதத்தையோ பறிக்காதீர்கள். படகுக்குத் துளை விழுந்துவிட்டது என்பதற்காகத் துடுப்பையும் எறிந்துவிடுவார் உண்டோ?

எல்லாவற்றிலும் மேலாக, பிள்ளையின் காதுபட அதன் குறையைப் பிறரிடம் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுவோம். விருந்தினர் வந்ததும் 'இவன் பெரிய குழப்படி' என்று சிரித்துக்கொண்டு அறிமுகம் செய்வது பெரியவர்களுக்கு வேடிக்கை. சிறுவனுக்கோ அது முத்திரை.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டில் அல்லது வகுப்பில் இத்தகைய பிள்ளை ஒன்று இருக்குமாயின், இவ்வாரம் ஒரு சிறு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். எவரும் சொல்லாமலே அப்பிள்ளை எதனைத் தேடிச் செல்கிறது, எதனைச் செய்யும்போது நேரம் போவதை மறக்கிறது, யாருக்கு இரங்கி எதனைக் கொடுத்துவிட்டு வருகிறது என்பவற்றை நாள்தோறும் இரண்டு வரி எழுதி வாருங்கள். வைத்தியரிடம் செல்ல நேர்ந்தால் முறைப்பாடுகளோடு அக்கொப்பியையும் கொண்டு செல்லுங்கள். அதற்கு முன், ஒரு மாலை வேளையில் பிள்ளையை அருகே இருத்தி அதனை வாசித்துக் காட்டுங்கள். தன்னைப் பற்றித் தான் எழுதிக்கொண்ட தீர்ப்புக்கு எதிராக ஒரு சாட்சியம் உண்டு என்பதை, அதுவும் தன் தாய் தந்தையின் கையெழுத்திலே உண்டு என்பதை, அப்பிள்ளை அறியட்டும்.